மெட்ராஸ் டெரஸ் வீட்டில் ஏசி: நாங்கள் பட்ட பாடு

பழைய வீட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏசி ஆட்களைத் தனியாக மொட்டைமாடிக்கு அனுப்பாதீர்கள்.

திருவல்லிக்கேணியில் தாத்தா காலத்து வீட்டை நூலகமாக மாற்றினோம். மின்வாரியத்தில் டாரிஃப் மாற்றம், த்ரீ பேஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பழைய வரைபடம் இல்லாததால் இன்ஜினியரே வீட்டை அளந்து வரைந்து கொடுத்தார்.

கெட்டது ஏசியில்தான். பைப் எல்லாம் பின்கட்டுச் சுவர் வழியாகப் போகட்டும், மாடியில் ஓட்டை கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தோம். ஒப்பந்ததாரரின் ஆட்கள் மதியம் யாரும் இல்லாத நேரத்தில் கோர் கட்டர் மெஷின் வைத்து மாடியைத் துளைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "கான்கிரீட்தானே சார், சிமென்ட் வெச்சு அடைச்சுடலாம்" என்றார் ஒப்பந்ததாரர். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் அந்தக் கூரையில் கம்பியே கிடையாது. தேக்குக் கட்டைகள்மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். செங்கல்லைப் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்புதான். துளைத்த அதிர்வில் பக்கத்துச் செங்கற்களும் ஆட்டம் கண்டன. அடைத்த சிமென்ட் சுண்ணாம்போடு சேராமல் விரிசல் விட்டது. ஐப்பசி மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கிக் கட்டையின் முனையை நனைத்தது. சுவருக்குள் இருக்கும் அந்த முனை உளுத்தால் வெளியே தெரியவே தெரியாது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்காக நாயாய் அலைந்தோம். கடைசியில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கிடைத்தார். ஈரத்தில் தொட மாட்டேன் என்று தை பிறக்கும்வரை காக்கவைத்தார். சிமென்டைக் கொத்தி எடுத்து, கட்டையை உலரவிட்டு, அதே பழைய முறையில் அடைத்தார். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை! அவுட்டோர் யூனிட்டெல்லாம் இப்போது கொல்லையில், இரும்பு ஸ்டாண்டில்.

முற்றத்துக்குக் கூரை போட்டு வீடு முழுக்க ஏசி செய்யலாம் என்றும் ஏசி ஒப்பந்ததாரர் வற்புறுத்தினார். மறுத்துவிட்டோம். உள்ளே சூடாகும் காற்று மேலேறி வெளியே போவது அந்த வழியாகத்தான். இரண்டு அறைகளுக்கு மட்டும் ஏசி, மற்ற இடங்களுக்கு மின்விசிறி.

வயரிங்கைச் சுவரை வெட்டிப் புதைக்கவில்லை. சுண்ணாம்புப் பூச்சு வெட்டினால் பாளம் பாளமாகக் கழன்று வரும். வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை என்று, சுவர்மேல் பொருத்தி உள்ளே வயரை வைத்து மூடும் கேசிங் கேப்பிங் பட்டைதான் போட்டோம். கட்டையை ஒட்டிப் போகும் இடங்களில் மட்டும் இரும்புக் குழாய்.

பழைய கட்டிடத்தில் இதெல்லாம் சரிப்படாது என்று யாராவது சொன்னால் சேப்பாக்கம் கலச மகாலைக் காட்டுங்கள். 2012 தீவிபத்தில் எரிந்த கட்டிடம் அது. சீரமைத்தபின் அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது.

இன்னொன்று. ஒரு மழைக்காலம் தாண்டும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதியிருந்தோம். கொத்தனார் கூலி அதிலிருந்துதான் போனது.