எல்லா சார்ட்டிலும் 20

சேலத்தில் தனியார் மருத்துவமனைகளில் நர்ஸாக 17 வருஷம் ஓட்டிவிட்டேன். படித்தது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ. ஆறு வருஷம் வேலை பார்த்த பிறகு, வளையலை அடகு வைத்து, வேலையையும் விட்டுவிட்டு டிப்ளமோ நர்ஸுகள் டிகிரி வாங்கப் படிக்கும் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தேன். திரும்பி வந்தால் அதே மருத்துவமனை, அதே வார்டு, சம்பளத்தில் 800 ரூபாய் கூடுதல். "இதுக்கா கண்ணு ரெண்டு வருஷம் போனே?" என்று இன்சார்ஜ் அக்கா கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், நோயாளியின் நிலையை எழுதி வைக்கும் சார்ட்டில் பல்ஸ், பிபி எல்லாம் உண்மையாக இருக்கும், மூச்சு எண்ணிக்கை மட்டும் பெரும்பாலும் எங்கள் கற்பனை. எல்லாருக்கும் நிமிஷத்துக்கு 20, பார்த்தால் நார்மல். மற்றதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது, இதற்கு மட்டும் ஒரு நிமிஷம் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், இரவில் 14 பேரை ஒருத்தியாகப் பார்க்கும்போது அந்த நிமிஷம் எங்கிருந்து வரும்? நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒருவர் வந்தார். சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து மிளகு பறிக்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் இரவு, "தூக்கம் வரலீங்க சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்ததால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 96 என்று நல்லபடியாகவே காட்டியது, பிபியும் சரி. வாட்சைப் பார்த்து எண்ணினேன், 34. பழைய நான் என்றால் போனில் "பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கார் டாக்டர்" என்று சொல்லியிருப்பேன், "காலையில பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கும். அன்று, மூச்சு 34, மாலையில் தெளிவாகப் பேசியவர் இப்போது இடம் தெரியாமல் பேசுகிறார், நீள எலும்பு முறிவு என்பதால் கொழுப்புத் துணுக்கு நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று சந்தேகம், உடனே வாருங்கள் என்றேன். டூட்டி டாக்டர் வந்தார், ஐசியூவுக்கு மாற்றினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார்.

டிகிரிதான் காப்பாற்றியது என்று சொன்னால் அக்கா சிரிப்பார். டிப்ளமோதான் படித்தவர், ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்தே இவர் இன்றைக்குத் தாங்கமாட்டார் என்று சொல்லிவிடுவார். பி.எஸ்சி. முடித்துப் புதிதாக வரும் பிள்ளைக்கு நரம்பு கிடைக்காமல் கை நடுங்கும்போது ஒரே குத்தில் ஐவி போடுவதும் அவர்தான். எனக்குப் படிப்பு கொடுத்தது வேறு: கண்ணில் படுவதை டாக்டர் தட்டிக்கழிக்க முடியாத விதத்தில் சொல்லும் தைரியம்.

லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்க நர்ஸ் ஆய்வாளரின் குழு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றியது. டிகிரி படித்த நர்ஸுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலோ, அதே 7 சதவீதம் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கே வாசலில் 'தகுதி பெற்ற செவிலியர்கள்' என்று போர்டு வைக்கிறார்கள், உள்ளே ஒருத்திக்கு 14 கட்டில்.

அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குக்கூட டிப்ளமோ, டிகிரி இரண்டும் தகுதிதான், பதவியும் ஒன்றே. அது தப்பென்று நான் சொல்லவில்லை, அக்கா மாதிரி ஆட்களை வெளியே நிறுத்த முடியாது. ஆனால் மேலே படித்தவளுக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு படிகூட ஏற வழியில்லை என்றால் அவள் எங்கே போவாள்? எம்.எஸ்சி. முடித்த என் தோழிகள் எல்லாரும் நர்சிங் காலேஜில் பாடம் நடத்துகிறார்கள். இரவு டியூட்டி இல்லை, ஞாயிறு லீவு. நானாக இருந்தாலும் போயிருப்பேன், அடகு வைத்த வளையல் மட்டும் அப்போதே திரும்பியிருந்தால்.

இரண்டு வருஷமாக ஒரு பி.எஸ்சி. பிள்ளைக்கு மூச்சு எண்ணப் பழக்கினேன். நன்றாகப் பழகிக்கொண்டாள், என்னையே ஒருமுறை திருத்தினாள். போன மாதம், ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக எழுதும் ஜெர்மன் மொழி பி2 பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, இனிப்பு டப்பாவோடு ராஜினாமா கடிதமும் கொடுத்தாள். அவள் இடத்துக்கு வந்த பெண்ணின் சார்ட்டை நேற்று ராத்திரி புரட்டினேன். 14 கட்டிலுக்கும் 20.