அம்மாவின் மருத்துவக் கோப்பை ஆன்லைனில் ஏற்றிய அனுபவம்

அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார், நான் கோவையில். போன ஆடி மாதம் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு எதிர் வீட்டு அக்காவிடமிருந்து போன். "தம்பி, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. தலையில அடி. 108-க்குச் சொல்லிட்டேன், வண்டி வந்துக்கிட்டு இருக்கு."

கொஞ்ச நேரத்தில் மருத்துவமனையிலிருந்து டியூட்டி டாக்டர் பேசினார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான் முதல் கேள்வி. அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் அசிட்ரோம் சாப்பிட வேண்டும். அதைச் சொன்னேன். "டோஸ் எவ்வளவு? கடைசியா ஐ.என்.ஆர். எவ்வளவு இருந்துச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அம்மா அரை மயக்கத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த எண் ஏன் முக்கியம் என்று அன்றுதான் உறைத்தது. ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் அளவு. அம்மாவுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடிவிட்டால் தலைக்குள் கசிவது நிற்காது. மாத்திரையின் வேலையை முறிக்க வைட்டமின் கே, பிளாஸ்மா என்று அளவுக்கு மேல் கொடுத்துவிட்டால், வால்வில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம்.

காகிதமெல்லாம் பீரோவில் ஒரு மஞ்சப் பையில் இருந்தது. பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். அக்கா மருத்துவமனையிலிருந்து சாவியோடு வீட்டுக்கு ஓடி, எது வேண்டும் என்று தெரியாமல் பையையே தூக்கிக்கொண்டு போனார். அதற்குள் ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். மூளையில் கசிவு இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய் அந்தப் பையைத் தரையில் கொட்டினேன். பழைய ஈ.சி.ஜி. தாள்கள் பலவற்றில் கோடுகளே இல்லை. அது சூடுபட்டு அச்சாகும் தாள், வருஷம் போகப் போக வெளுத்துவிடும். ஒன்றில் டாக்டர் பேனாவால் எழுதிய தேதி மட்டும் பளிச்சென்று இருந்தது, மற்றதெல்லாம் வெறும் ரோஸ் கட்டம். உங்கள் வீட்டில் அப்படித் தாள் இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். பைக்கு அடியில், பழைய ரேஷன் கார்டு உறைக்குள், வால்வு அட்டை கிடைத்தது. வால்வின் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் அதில்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்னால் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்து ஆபா கணக்கு. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் 14 இலக்க எண் அது. ஆதார் எண்ணைப் போட்டால் ஓ.டி.பி. வரும், ஐந்து நிமிட வேலை. எனக்கு ஐந்து நிமிடத்தில் முடியவில்லை, ஏனென்றால் அம்மாவின் ஆதாரில் இருந்தது காலமான அப்பாவின் பழைய நம்பர். தபால்காரரிடம் சொன்னோம். அவரே வீட்டுக்கு வந்து, கைரேகை வைத்து, நம்பரை மாற்றப் பதிவு செய்துவிட்டுப் போனார். வயதானவர்களை வரிசையில் நிறுத்த வேண்டாம், இந்த வசதி அஞ்சலக வங்கியில் இருக்கிறது. நம்பர் மாறச் சில நாள் ஆனது. அதற்கப்புறம் கணக்கு உடனே கிடைத்துவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தால் காலி. எண் வாங்கியதும் பழைய ரெக்கார்டெல்லாம் வந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ரெக்கார்டு அந்தந்த மருத்துவமனையிடமே இருக்கும், அந்த மருத்துவமனை இத்திட்டத்தில் இணைந்து நம் எண்ணோடு கோத்தால்தான் நமக்குத் தெரியும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் நம் போனுக்கு அனுமதி கேட்டு வரும். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை நாளைக்கு என்று நாமே முடிவு செய்யலாம், பிறகு ரத்தும் செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அம்மாவின் ஆபரேஷன் நடந்த காலத்தில் இதெல்லாம் ஏது? அதனால் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து நானே ஏற்றினேன். ஆவணங்களைப் பத்திரப்படுத்த அரசு தரும் டிஜிலாக்கரிலும் ஒரு பிரதி. அங்கே ஒரு ஃபைல் 10 எம்.பி.க்கு மேல் போகக் கூடாது, டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தது. ஃபைல் பெயரில் வருஷம், மாதம், தேதி என்று முதலில் போட்டால் தானாகவே வரிசையாக நிற்கும்.

எல்லாம் ஏற்றி முடித்த இரவுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. இரண்டையும் திறக்க ஓ.டி.பி. வேண்டும், அது வருவது அம்மாவின் போனுக்கு. அம்மா மயங்கிக் கிடந்தால் யார் திறப்பது? பத்திரமாகப் பூட்டி வைப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். அவசரத்தில் திறக்கப் போவது அம்மாவோ நானோ இல்லை, முன்பின் தெரியாத ஒரு நர்ஸ்.

எனவே ஒரே ஒரு பக்கம் தயார் செய்தேன். பெயர், வயது, ரத்த வகை, வால்வு விவரம், மாத்திரைகளும் டோஸும், கடைசி ஐ.என்.ஆர். தேதியோடு, சல்ஃபா மருந்து அலர்ஜி, என் நம்பர், தங்கை நம்பர். ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் வேண்டுமென்றே போடவில்லை. அந்தப் பக்கத்தை கூகுள் டிரைவில் வைத்து எனக்கும் தங்கைக்கும் அக்காவுக்கும் மட்டும் பகிர்ந்தேன். அதிலிருந்த முக்கியமானதை அம்மாவின் போன் செட்டிங்ஸில் அவசர மருத்துவத் தகவல் என்ற இடத்தில் எழுதி, பூட்டிய திரையிலும் தெரியும்படி வைத்தேன். பூட்டைத் திறக்காமலே 'எமர்ஜென்சி' என்பதைத் தொட்டால் வந்துவிடும். ஐபோனில் ஹெல்த் ஆப்பில் மெடிக்கல் ஐடி என்று இதே வசதி உண்டு. அக்காவை உட்கார வைத்து மூன்று தடவை செய்து பார்க்கச் சொன்னேன். அதே பக்கம் ஒரு தாளாக அம்மாவின் பர்ஸிலும் இருக்கிறது. "என் வியாதியெல்லாம் ஊருக்கே தெரியணுமாடா?" என்று அம்மாவுக்கு வருத்தம். ஆஸ்பத்திரியில் அன்று நடந்ததை முழுதாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

தை மாதம் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. அக்கா ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என்னைக் கூப்பிட்டபோது அந்தத் திரை அவர் கையில் இருந்தது. "மார்கழியில 2.8-னு இருக்கு. அதுக்கப்புறம் புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?" பல்வலிக்கு மருந்துக் கடையில் ஏதோ ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், 4.6. அன்றைய அசிட்ரோமை நிறுத்தச் சொல்லி, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார் டாக்டர். டிரைவில் இருந்த பக்கத்தில் நான் இங்கிருந்தே எண்ணை மாற்றினேன். போனில் இருந்ததை அக்கா, ஆட்டோவில் திரும்பி வரும்போதே மாற்றிவிட்டிருந்தார்.