ஏ.ரி.பி குறையவில்லை, ஆனால் செலவாகிறது

யூன் 3, 2025

அடுத்த கிழமை யாழ். பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பேச வேண்டும். மூளை சக்தியைச் செலவழிப்பதைக் காந்த ஒத்ததிர்வால் எப்படிப் பார்ப்பது என்ற தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்குதான் மூளை. ஓய்விலேயே உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கைத் தின்கிறது. வழக்கமான எம்.ஆர்.ஐ படத்தில் அது தெரியாது. அது காட்டுவது பெரும்பாலும் நீரின் ஐதரசனை.

யூன் 5

இன்று முழுக்கப் பொசுபரசு. கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பியில் இருப்பது அதுதான். இயற்கையில் கிடைப்பதெல்லாம் பொசுபரசு-31 என்பதால் உடலுக்குள் எதுவும் ஏற்றத் தேவையில்லை. 7 ரெஸ்லா காந்தப்புலத்தில் ஐதரசன் 298 மெகாஹேர்ட்ஸில் ஒலித்தால் இது 120இல். ஆகவே அதைக் கேட்கத் தனிச் சுருள் (அன்ரெனா) வேண்டும். வரும் சமிக்ஞையின் நிறமாலை நடுவில், கலத்தின் சக்திச் சேமிப்பான பொஸ்போகிறியற்றின் நெடிதாக நிற்கும். வலப்பக்கம் ஏ.ரி.பியின் மூன்று முகடுகள், இடப்பக்கம் குட்டையாக அசேதனப் பொசுபேற்று. அந்தக் குட்டை முகடு பொஸ்போகிறியற்றின் முகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்தால் கலத்துக்குள் பீ.எச் (அமிலத்தன்மை) எவ்வளவு என்று கணித்துவிடலாம். மண்டையோட்டைத் தொடாமலே! எத்தனை தரம் படித்தாலும் எனக்கு இது அலுக்காது.

யூன் 6

உரும்பிராயில் சித்தப்பா தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தார். மூளை வேலை செய்யும்போதும் ஏ.ரி.பி அளவு அநேகமாக அப்படியே இருக்கும், இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று கேட்டேன். கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணி மட்டம் இறங்கேல்லை எண்டா நான் இறைக்கேல்லை எண்டோ அர்த்தம்? ஊத்து நல்லா வருகுது, தம்பி."

சரி, இதையே சொல்லிவிடலாம். அளவை விட்டு ஓட்டத்தை அளக்க வேண்டும். அதற்கு ஏ.ரி.பியின் மூன்று முகடுகளில் காமா எனப்படும் ஒன்றை மட்டும் வானொலி அலையால் அடித்து அமர்த்துவார்கள். கிறியற்றின் கைனேஸ் நொதியம் அந்தப் பொசுபேற்றை ஏ.ரி.பிக்கும் பொஸ்போகிறியற்றினுக்கும் இடையே கைமாற்றுவதால், தொடாத பொஸ்போகிறியற்றின் முகடும் தாழும். தாழ்ந்த அளவிலிருந்து கைமாறும் வேகம் கிடைக்கும்.

யூன் 9

இன்று டியூட்டீரியம், அதாவது கன ஐதரசன். 2018இல் யேல் குழு வெளியிட்ட முறை: டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, அது மூளையில் குளுட்டாமேற்று, லக்டேற்று என்ற பொருள்களாக மாறுவதைப் படமாக்குவது. உடல் நீரில் டியூட்டீரியம் மிகக் குறைவு. ஐதரசனில்போல நீரின் இரைச்சலை அடக்கப் பாடுபடத் தேவையில்லை. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியில் லக்டேற்று தூக்கலாகத் தெரிந்தது. படம் கரடுமுரடுதான், படத்தின் ஒரு கட்டமே சில மில்லிலீற்றர். இருந்தும் குளுக்கோஸ் போன்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிப் பார்க்கும் பெற் ஸ்கானைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது: கதிரியக்கம் இல்லை, அங்கே அந்தப் பொருள் கலத்துக்குள் புகுந்ததும் சிக்கிக்கொள்ளும், இங்கே குளுக்கோஸ் எங்கே போனது என்றும் தெரிகிறது.

காபனை வைத்துப் பார்க்கும் காபன்-13 முறைக்கு நேரம் போதாது, வெட்டிவிட்டேன். யாராவது கேட்டால் கேள்வி நேரத்தில் பார்ப்போம்.