டெல்டாவில் தொழில் தொடங்க வாங்க

முதலீடு என்றாலே ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் என்றுதான் பேச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால், அது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அங்கே ஒன்றும் தொடங்க முடியாது என்கிறார்கள்.

தவறு. அந்த மண்டலத்துக்கான 2020 சட்டம் தடுப்பது புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதையும், செம்பு உருக்காலை, தோல் பதனிடுதல் மாதிரியான ஆலைகளையும்தான். அந்தத் தடை கண்டிப்பாக இருக்கணும். ஆனால் அரிசி மாவு, அவல், தவிட்டு எண்ணெய், கயிறு இதற்கெல்லாம் யார் தடை சொன்னது?

பேராவூரணிப் பக்கம் போய்ப் பாருங்கள், தென்னந்தோப்பு வாசலில் உரித்த மட்டை மலையாகக் கிடக்கும், தேங்காயோ லாரி ஏறி காங்கேயம் போய்விடும், அங்கே கொப்பரையாகி எண்ணெயாகி நம்ம கடைக்கே பாக்கெட்டில் திரும்பி வரும். நெல்லும் அப்படித்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், ரோட்டோரம் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கணும். ஊருக்கு ஊர் ஒரு உலர்த்தும் இயந்திரம் போட யாராவது முன்வந்தால் அதுவே நல்ல தொழில்.

உணவு பதப்படுத்தலுக்கென்றே மத்திய அரசு நிறுவனம் தஞ்சாவூரில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம், காரைக்கால் துறைமுகம் இரண்டும் பக்கம். 2024இல் தஞ்சாவூரில் ஐடி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்காவும் திறந்தாச்சு, அதனால் ஐடி படித்த பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் தொழில் நடத்தும் நம்ம ஊர்க்காரர்களே, அடுத்த யூனிட்டை இங்கே போடுங்கள். இடம், தண்ணீர், ஆள் விவரம் வேண்டுமென்றால் கமெண்டில் கேளுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.