முதல் நாள் அளவை நம்பி அனுப்பிய தோரியம் டிரம்கள்

மோனசைட் தாதுவிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்த பிறகு வடிகட்டியில் மிஞ்சும் கட்டியை, அதாவது கதிரியக்கமுள்ள தோரியம் ஹைட்ராக்சைடு கேக்கை, நிரந்தரச் சேமிப்பகத்தில் ஒப்படைக்கும் வேலை போன வாரம்தான் முடிந்தது. ஒரே லோடு மூன்று முறை கிளம்ப வேண்டியிருந்தது. இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

காரத்தில் சிதைப்பது, வடிகட்டுவது, லைனர் போட்டு டிரம்மில் அடைப்பது எல்லாம் வழக்கம்போல நடந்தன. அடைத்த மறுநாளே ஒரு மீட்டர் தூரத்தில் கதிர்வீச்சை அளவெடுத்து, போக்குவரத்துக் குறியீட்டைக் (அந்த அளவை வைத்து லேபிளில் போடும் எண்) கணக்கிட்டு லேபிள் ஒட்டினோம். அனுமதித் தாள் வந்து வண்டி கிளம்ப மூன்று வாரம் ஆனது. சேமிப்பக வாசலில் அவர்கள் மீட்டர் வைத்தபோது நாங்கள் எழுதியிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. தாளில் ஒன்று, டிரம்மில் ஒன்று என்று வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

மீட்டரில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் வீணடித்தோம். காரணம் கேக்குக்குள் இருந்தது. தாதுவில் தோரியம்-232-உம் அது சிதைந்து வரிசையாக உருவாகும் சேய்த் தனிமங்களும் சமநிலையில் இருக்கும். நாம் செய்யும் வேதியியல் அந்தத் தொடரை அறுத்துவிடுகிறது. அந்தத் தொடரில் பின்னால் வரும் தோரியம்-228-உம் தோரியம்தான் என்பதால் கேக்கிலேயே தங்குகிறது. ரேடியம் தனியே போய், பேரியம் சல்ஃபேட்டோடு படிகிறது. அதனால் புதுக் கேக்கில் காமாக் கதிர் குறைவு. அப்புறம் தோரியம்-228-இலிருந்து ரேடியம்-224 மறுபடி உருவாகிச் சேர்கிறது. அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 3.6 நாள் என்பதால் மூன்று வாரத்தில் ஏற வேண்டியது ஏறிவிடும். அந்த வரிசையில் கடைசிக்கு முன்னால் வரும் தாலியம்-208-இன் காமா 2.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட். டிரம்மின் தகடு அதைப் பெரிதாகத் தடுக்காது.

அடைத்த தேதியை டிரம்மிலேயே எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து எடுத்த அளவை மட்டும் லேபிளில் போடுங்கள்.

புது லேபிளோடு இரண்டாம் முறை போனோம். இந்த முறை ஆவணங்களைப் பார்க்கும் அலுவலர் ஆய்வக அறிக்கையைப் புரட்டி, தோரியம் அளவு இவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் முதல் முறையும் அதே அறிக்கை அவர் மேசையில்தான் கிடந்தது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு குறை கண்டால் அதோடு பரிசீலனை நின்றுவிடுமாம். இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆய்வகம் ஆக்டினியம்-228-இன் காமாவை அளந்து அதையே தோரியம்-232 என்று எழுதியிருந்தது. தாதுவுக்கு அந்த முறை பொருந்தும். கேக்கில் ரேடியம்-228 பெரும்பாலும் போய்விட்டது. அது இல்லாமல் ஆக்டினியம் எங்கிருந்து வரும்? மாதிரிப் பையின் மேல் 'தாதுக் கழிவு' என்று மட்டும் எழுதி அனுப்பியது எங்கள் தவறு. எந்தக் கட்டத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதியிருந்தால் அவர்களே கேட்டிருப்பார்கள். பிறகு தனிமங்களின் அளவைக் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் தோரியத்தின் எடையை அளந்து, கிராமுக்கு சுமார் 4,060 பெக்கரல் (நொடிக்கு இத்தனை அணுச் சிதைவு) என்று பெருக்கினோம். கணக்கு சரியாக வந்தது. இதே கணக்கில், வெறும் 0.025 சதவீதத் தோரியம் இருந்தாலே சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் கிராமுக்கு 1 பெக்கரல் வரம்பை எட்டிவிடும். கொஞ்சம்தானே என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

திரும்பி வந்த டிரம்கள் பூட்டிய கிடங்கில் நின்றன. உள்ளே போகும் முன் மின்விசிறியை நல்ல நேரம் ஓடவிட்டோம். கேக்கிலிருந்து கசியும் தோரான் என்ற கதிரியக்க வாயுவின் அரை ஆயுள் 56 வினாடிதான். ஆனால் அது விட்டுப்போகும் ஈயம்-212-க்கு 10.6 மணி நேரம். கேக் காய்ந்து தூசியானால் மூச்சுக்கு இன்னும் கேடு. மூடியைக் காரணமில்லாமல் திறக்க வேண்டாம். அதற்காக டிரம்மில் தண்ணீர் தேங்க விட்டாலும் சேமிப்பகத்தில் வாங்க மாட்டார்கள்.

மூன்றாம் நடை அரை மணி நேரத்தில் முடிந்தது. மீட்டரும் லேபிளும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது வண்டியோட்டி என் தோளைத் தட்டினார்.

பேரியம்-ரேடியம் கேக் இன்னும் பாக்கி. அதன் போக்கு வேறு: முதல் சில வாரம் அளவு இறங்கும், பிறகு உள்ளே ரேடியம்-228-இலிருந்து தோரியம்-228 சேரச் சேர, சில வருடம் ஏறிக்கொண்டே போகும். அந்த டிரம்களில் தேதி எழுதியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, அதே இடத்தில் குறித்துவருகிறோம்.