பார்வைக் குறைவுள்ள பிள்ளையும் சாதாரண தரப் பரீட்சையும்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் நாட்கூலியில் குடும்பம் நடத்தும் பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியது: பெரிய எழுத்து வினாத்தாள், மேலதிக நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர் போன்ற சலுகைகளுக்கான வேலையைப் பத்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பதினோராம் வகுப்பில் விண்ணப்பம் வந்த பிறகு ஓடினால், கண் கிளினிக் நாள் கிடைப்பதற்குள் முடிவுத் திகதி கடந்துவிடும்.

சலுகை கேட்கக் கொடுக்கும் டொக்டர் கடிதங்கள் பல 'பார்வைக் குறைபாடு உண்டு' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. அதை வைத்து என்ன சலுகை தேவை என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. கிளினிக்குக்குப் போகும்போது பாடப்புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய், டொக்டர் முன்னால் பிள்ளையை வாசிக்க விடுங்கள். எந்த அளவு எழுத்தை வாசிக்கிறது, எவ்வளவு நேரத்தில் கண் களைக்கிறது என்பதைக் கடிதத்தில் எழுதித் தரக் கேளுங்கள். பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். பாடசாலைப் பரீட்சார்த்தியின் விண்ணப்பம் அதிபர் ஊடாகவே போகும். பாடசாலையில் கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்குக் கடந்தகால வினாத்தாளை ஏ4இலிருந்து ஏ3க்குப் பெருப்பித்தால் எழுத்து 141 வீதம் ஆகும். 12 புள்ளி எழுத்து ஏறக்குறைய 17 ஆகும். ஆனால் போட்டோகொப்பியின் போட்டோகொப்பியை எடுக்காதீர்கள். தமிழில் முதலில் அழிவது மெய்யெழுத்தின் புள்ளிதான். 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். பிழை பிள்ளையுடையது என்று நினைத்துவிடுவோம். மினுங்காத தாள், கறுப்பு ஜெல் பேனை, வெளிச்சம் பக்கவாட்டில். நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி அதில் ஒரு பலகையைச் சாய்த்தால் வாசிப்பு மேசை தயார், கழுத்து நோகாது.

உருப்பெருக்கியால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் தெரியும். ஒரு மணித்தியாலத்தில் 40 பல்தேர்வு வினா என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று மணிக்கூடு வைத்து எழுதி வையுங்கள். மேலதிக நேரம் ஏன் வேண்டும் என்று காட்ட, இந்தக் குறிப்பை வகுப்பாசிரியரிடம் கொடுக்கலாம்.

சொல்லி எழுதுவிப்பது தனிப் பழக்கம். கணிதத்தில் 2(x+3) என்பதற்கு 'இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று' என்றால், எழுதுபவர் அடைப்பில்லாமல்தான் எழுதுவார். 'இரண்டு, அடைப்பு திற, எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்பு மூடு' என்று சொல்லப் பழக வேண்டும். அயல்வீட்டு அக்காவோ தம்பியோ வாரம் இரண்டு நாள் எழுதிக்கொடுத்தால் போதும். விடை தெரிந்தாலும் அவர்கள் வாய் திறக்கக் கூடாது.

உபகரணத்துக்கும் உதவிப் பணத்துக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். 'வேறு பாடசாலை பாருங்கள்' என்று யாராவது சொன்னால், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்ட 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பதைப் பணிவாகச் சொல்லி, பதிலை எழுத்தில் கேளுங்கள்.