தொலமியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அங்குலத் தாளை விரியுங்கள்

முகநூலில் அடிக்கடி யாராவது பழங்காலப் புவியியலாளர் தொலமியின் தப்ரபேன், அதாவது இலங்கை, வரைபடத்தைப் போட்டு, அதில் சிவப்பு வட்டம் ஒன்று கீறி, "இதுதான் எங்கட ஊர்" என்று எழுதிவிடுகிறார்கள். கீழே சண்டை ஆரம்பமாகிவிடும். கொழும்பில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு பழைய வரைபடங்களோடு இரவைக் கழிக்கிற ஆள் நான், அதனால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: மறந்துபோன ஊர்களைத் தேடுவதற்குத் தொலமி உதவமாட்டார்.

முதலில், பகிரப்படுகிற அந்தப் படங்கள் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் ஐரோப்பாவில் அச்சானவை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமியிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்தது ஊர், ஆறு, மலைப் பெயர்களும் அவற்றுக்கான அகலாங்கு நெட்டாங்கும் கொண்ட நீளமான பட்டியல்தான், அதிலும் கையில் இருக்கிற மிகப் பழைய முழுப் பிரதிகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. இடையில் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கை மாறிக் கை மாறிப் படியெடுத்திருக்கிறார்கள். பழைய கிரேக்க மொழியில் எண்களையும் எழுத்தால்தான் குறிப்பார்கள். ஒரு எழுத்துப் பிசகினால் ஊர் கடலுக்குள் போய்விடும்.

அப்புறம் தீவின் அளவு. உண்மையான இலங்கையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாக, தெற்குப் பக்கம் பூமத்திய ரேகையையும் தாண்டிக் கிடக்கிறது தப்ரபேன். இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது என்னவென்றால், அனுரோகிராம்மோன் என்று தொலமி சொல்லும் அனுராதபுரம் அந்தப் பட்டியலில் வடக்கே 8 பாகை 40 கலையில் (60 கலை ஒரு பாகை) இருக்கிறது, உண்மையில் அது 8 பாகை 20 கலை. இவ்வளவு வீங்கிப்போன தீவில் தலைநகர் மட்டும் கிட்டத்தட்டச் சரியான இடத்தில்! அதனால் "முழுப் படத்தையும் ஒரே அளவில் சுருக்கினால் எல்லா ஊரும் சரியாக விழும்" என்ற கதை எடுபடாது, சுருக்கினால் அனுராதபுரம் தப்பான இடத்துக்குப் போய்விடும்.

தொலமியின் பட்டியலை இன்றைய ஊர்களோடு பொருத்தும் வேலையை ஜெர்மனிக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நில அளவையாளர்களும் மொழியறிஞர்களும் சேர்ந்து 2010இல் ஒரு புத்தகமே போட்டார்கள். சந்தேகமில்லாமல் தெரிந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள எண்களைப் பகுதி பகுதியாகத் திருத்தி, தெரியாத ஊர்களை இன்றைய நகரங்களோடு பொருத்துவதுதான் முறை. நல்ல முறைதான். ஆனால் நமக்கு அனுராதபுரத்தை விட்டால் நிச்சயமானது என்ன இருக்கிறது? மொதுட்டு என்ற வணிகத் துறையை மாந்தை என்று பலர் சொல்கிறார்கள், மாகிராம்மோன் திஸ்ஸமகாராமைப் பக்கமா மகியங்கனையா என்பதில் இன்னும் இழுபறி. இரண்டு ஆணியில் மாட்டிய படம் ஆடத்தான் செய்யும். யாழ்ப்பாணப் பக்கத்துப் பழம்பெயரான நாகதீபத்துக்காக அடிபடுகிறவர்களுக்கும் ஒன்று: அந்தப் பெயர் பட்டியலில் நகரமாக ஒருமுறையும் தீவாக இன்னொரு முறையும் வருகிறது. 1936இல் யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் கிடைத்த, எழுத்துப் பொறித்த பொன்னேட்டில் உள்ள "நாகதீவ" என்ற பெயர் எனக்கு இதைவிடப் பலமான சான்று.

சரி, எதை வைத்துத் தேடுவது? சலிப்பூட்டுகிற ஒன்றை. நில அளவைத் திணைக்களம் பிரித்தானியர் காலத்தில் வெளியிட்ட, ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் கீறிய தாள்களை. அந்த அளவையாளர்களுக்குப் பழைய ஊரைப் பற்றி அக்கறையே கிடையாது, காட்டுக்குள் கண்ணில் பட்ட குளக்கட்டை "கைவிடப்பட்ட குளம்" என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். எதையும் நிரூபிக்க நினைக்காமல் குறித்து வைத்ததால்தான் அதை நம்பலாம் என்கிறேன். வறண்ட வலயத்தில் குளம் இருந்தால் அதன் கீழே வயல் இருந்திருக்கும், வயலைப் பார்க்க ஆட்கள் பக்கத்திலேயே குடியிருந்திருப்பார்கள். நில அளவையாளராக இருந்த ஆர். எல். புரோகியர் 1930களில் பழைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி எழுதியதைப் படித்தால், தாளும் தரையும் எப்படிச் சேர்கின்றன என்பது புரியும். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தை அண்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது பழைய குடியிருப்பின் எச்சங்கள் வந்தன.

இந்தியாவிலும் இதே கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அளவைத் தாள்களில், பழைய குடியிருப்பு புதைந்திருக்கக்கூடிய மேடுகளுக்கென்று ஒரு குறி உண்டு. அதை அடையாளம் காணக் கணினிக்குப் பழக்கி, சிந்துவெளிப் பக்கம் ஆயிரக்கணக்கான மேடுகளைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் தேடி எடுத்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனையோ இன்று உழுது தட்டையாகிவிட்டன, தாளில் மட்டும் மிச்சம்.

நான் செய்வது சின்ன வேலை. வன்னிப் பக்கத்துத் தாளில் கைவிட்ட குளம் ஒன்றை எடுத்து, கூகுள் ஏர்த்தில் ஆடி ஆவணியில் எடுத்த படத்தோடு ஒப்பிடுவேன். வளைந்த கட்டு மரவரிசையாகத் தெரியும், சிலது தெரியவே தெரியாது. வவுனியாவில் இருக்கிற சித்தப்பாவிடம் ஒன்றைப் பற்றிக் கேட்டேன். "அதில குளம் எங்க தம்பி, வெறும் காடு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாடு தேடிப் போனா ஒரு கல்லுத் துருசு கிடக்கும், அத வச்சுத்தான் நாங்க வழி பிடிக்கிறது" என்றார். துருசு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள், தாள் இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. வன்னியில் கிராமங்கள் பல நூற்றாண்டுகளாகக் காலியாவதும் மறுபடி குடியேறுவதுமாக இருந்திருக்கின்றன, காடு மூடிய குளம் எல்லாம் ஈராயிரம் வருஷப் பழசு ஆகிவிடாது. கறுப்புச் சிவப்புப் பானை ஓடோ பிராமி எழுத்தோ முறையான அகழ்வில் வந்தால்தான் பேச்சு. அதை நாம் செய்ய முடியாது, 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுங்கள், மண்ணைத் தொடாதீர்கள், தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இடத்தின் ஆள்கூறுகளை மட்டும் யாருக்கும் அனுப்பவேண்டாம், அலவாங்கோடு புதையல் கூட்டம் முதலில் போய் நிற்கும்.